தரவை அளக்கும் மரக்கால்

வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் பாய, இவ்விரண்டுக்கும் இடையே அமைந்த நகரம் கும்பகோணம். நெல்லும் நீரும் இந்நகரைச் சூழ்ந்த வயல்நாட்டின் இரு பெருஞ்செல்வங்கள். இவ்விரண்டையும் அளந்தே அந்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது தமிழ் மக்கள் நாவில் பயிலும் பழமொழி. வீணே எறிவதற்கும் அளவு வேண்டுமெனின், விலை கொடுத்து வாங்குவதற்கு அளவு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நெல்லையும் நீரையும் போலவே இக்காலத்தில் மற்றொன்றும் வீடுதோறும் அளந்து வழங்கப்படுகிறது. அதுவே தரவு. எழுத்து, படம், பாட்டு, காணொளி ஆகிய யாவும் தரவாக மாறிக் கண்ணாடி இழைகளின் வழியாகவும் வானலைகளின் வழியாகவும் கணினிக்கும் கைப்பேசிக்கும் வந்து சேர்கின்றன. அதற்கென மக்கள் திங்கள்தோறும் பொருள் செலவிடுகின்றனர். ஆயினும், தரவை அளக்கும் அளவைகள் இரண்டு என்பதையும், அவ்விரண்டுக்கும் இடையே எட்டு மடங்கு வேறுபாடு உண்டு என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாழிக்கும் குறுணிக்கும் வேறுபாடு அறியாமல் நெல் வாங்கச் சென்றவனுக்கு என்ன இடர் நேருமோ, அவ்விடரே இவ்வேறுபாட்டை அறியாதவனுக்கும் நேரும்.

பண்டைத் தமிழ்நாட்டு முகத்தல் அளவையை முதற்கண் நினைவு கூர்தல் நலம். இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். குறுணி என்பதே மரக்கால் எனவும் வழங்கும். ஆகவே, ஒரு கலத்திற்கு 12 மரக்கால். நாழிக் கணக்கில் சொன்னால் 96 நாழி. ‘பன்னிரண்டு’ என்றாலும் ‘தொண்ணூற்றாறு’ என்றாலும் களத்தில் கிடக்கும் நெல் ஒன்றே. எண் மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. அளவையின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் கேட்பவன் மயங்குவான்.

அளவையின் பெயரைச் சொன்னாலும் போதாத காலமும் இருந்தது. மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டமையால், எந்த மரக்கால் என்பதையும் குறிக்க வேண்டியிருந்தது. முதலாம் இராசராச சோழன் எடுப்பித்த தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகளில், ஆடவல்லான் என்னும் மரக்காலால் நெல் அளக்கப்பட்டது என்றும், அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்றும் குறிப்புகள் காணப்படுகின்றன. கொடுப்பவனும் கொள்பவனும் பின்னாளில் வழக்காடாதிருக்கும் பொருட்டு, அளவையின் பெயரும் அதன் ஒப்பும் கல்லிலே பொறிக்கப்பட்டன. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு எடை அளவுத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் கிலோகிராமும் லிட்டரும் படிப்படியாக நாடெங்கும் பரவின. மரக்கால் கடைத்தெருவை விட்டு மறைந்தது. ஆனால், அது கற்பித்த பாடம் மறையவில்லை.

இனித் தரவின் அளவைகளைக் காண்போம். தரவின் மிகச் சிறிய கூறு ‘பிட்’ எனப்படும். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் இரண்டினுள் ஒன்றைத் தெரிவிக்க வல்லது ஒரு பிட். விளக்கு எரிதலும் அணைதலும் போல, அதனை 1 என்றும் 0 என்றும் எழுதுவர். அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன் 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இச்சொல்லை எடுத்தாண்டார். அதனைப் படைத்தவர் ஜான் டூக்கி என்பவரே என்று அவர் அக்கட்டுரையில் குறிப்பிட்டார்.

ஒரு பிட்டைக் கொண்டு ஓர் எழுத்தைக் குறிக்க இயலாது. ஆதலின், பல பிட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கையாள வேண்டிய தேவை எழுந்தது. அத்தொகுதிக்கு 1956இல் ‘பைட்’ எனப் பெயரிட்டவர் வெர்னர் புக்கோல்ட்ஸ். அவர் ஐ.பி.எம். என்னும் நிறுவனத்தில் கணினி அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர். கடித்தெடுத்த துண்டு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி, எழுதும்போது ‘பிட்’ என்பதோடு மயங்காதவாறு அவர் இப்பெயரை அமைத்தார். மயக்கம் வராதிருக்க வேண்டும் என்று எண்ணி அமைத்த பெயரே இன்று மயக்கத்திற்கு இடமாயிற்று என்பது வியப்பன்றோ!

தொடக்கத்தில் ஒரு பைட்டுக்கு இத்தனை பிட்டு என்னும் வரையறை இல்லை. சில கணினிகளில் அது ஆறு பிட்டுகளாகவும் இருந்தது. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்னும் கணினி வரிசையை வெளியிட்டது. அதன்பின் எட்டுப் பிட்டுகள் கொண்டது ஒரு பைட் என்னும் வழக்கு நிலைபெற்றது. எட்டு நாழி ஒரு குறுணி. எட்டுப் பிட்டு ஒரு பைட். இவ்விரண்டும் ஒத்து வருதல் தற்செயலே எனினும், காவிரி நாட்டு மாணவர் நினைவிற் கொள்ளுதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இது மேலும் விளங்கும். ‘கும்பகோணம்’ என்னும் சொல் எழுதுகையில் ஆறு எழுத்துகளால் ஆனது. கணினியோ உயிர்மெய்யின் மேல் ஏறும் குறியையும் மெய்யின் புள்ளியையும் தனித்தனியே எண்ணும். அவ்வாறு எண்ணினால் இச்சொல்லில் பத்துக் குறியீடுகள் உள்ளன. இணையத்தில் பெரிதும் வழங்கும் யூ.டி.எஃப்.-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே, இச்சொல் 30 பைட் இடத்தைக் கொள்ளும். இதனைப் பிட்டாகக் கூறின், முப்பதை எட்டால் பெருக்க, 240 பிட் ஆகும்.

ஒன்றே போதுமாக இருக்க, இரண்டு அளவைகள் எதற்கு என்னும் வினா எழலாம். இதற்கு விடை காவிரியிலேயே கிடைக்கிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. ஆனால், அணையிலிருந்து பாசனத்திற்குத் திறந்துவிடும் நீரை டி.எம்.சி. என்று கூறுவதில்லை, நொடிக்கு இத்தனை கனஅடி என்றே கூறுவர். தேங்கி நிற்கும் நீருக்கு ஓர் அளவை. ஓடும் நீருக்கு மற்றோர் அளவை. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள் உள்ளன. ஆகவே, நொடிக்கு ஏறத்தாழ 11,574 கனஅடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் நீர் ஓடினால் ஒரு டி.எம்.சி. கழிந்துவிடும். இக்கணக்கை அறிந்த உழவனே அணையில் உள்ள நீர் எத்தனை நாளைக்கு வரும் என்பதை உணர்வான்.

தரவும் அத்தகையதே. கணினியிலும் கைப்பேசியிலும் தேக்கி வைத்த தரவை பைட்டால் அளப்பர். கம்பியிலும் வானலையிலும் ஓடும் தரவைப் பிட்டால் அளப்பர். கணினியின் நினைவகம் எட்டெட்டுப் பிட்டுகளாக எடுத்து வைக்கும் களஞ்சியம். ஆதலின், அதற்குப் பைட்டே இயல்பான அளவை. கம்பியோ துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துவது. அத்துடிப்புகள் எத்தனை சேர்ந்தால் ஓர் எழுத்து என்பது காலத்துக்குக் காலம் மாறியது. பிரெஞ்சு நாட்டு எமில் போடோ 1874இல் உரிமை பெற்ற தந்தி முறையில் ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்புகளே இருந்தன. எழுத்தின் நீளம் மாறினும் துடிப்பின் எண்ணிக்கை மாறாதாகலின், தொலைத்தொடர்புப் பொறியாளர் துடிப்புகளையே எண்ணி வந்தனர். அவ்வழக்கே இன்றளவும் நிலைத்துள்ளது.

ஓர் அளவையை மற்றோர் அளவையாக மாற்றும் முறை மிக எளிது. பிட்டைப் பைட்டாக்க எட்டால் வகுக்க வேண்டும். பைட்டைப் பிட்டாக்க எட்டால் பெருக்க வேண்டும். கணித மேதை இராமானுசன் பயின்ற பள்ளி கும்பகோணத்தில் உள்ளது. ஆயினும் இக்கணக்கைச் செய்ய அவருடைய மேதைமை வேண்டுவதில்லை. எட்டாம் வாய்பாடு ஒன்றே போதும். நொடிக்கு 100 மெகாபிட் என விளம்பரப்படுத்தப்படும் இணைப்பில் நொடிக்கு வருவது 12.5 மெகாபைட். 40 மெகாபிட் இணைப்பில் வருவது 5 மெகாபைட்.

600 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடக் காணொளியை 40 மெகாபிட் இணைப்பின் வழியே இறக்குவதாகக் கொள்வோம். அறுநூற்றை நாற்பதால் வகுத்துப் பதினைந்து நொடியில் வந்துவிடும் என ஒருவன் கணக்கிட்டால், அக்கணக்கு பிழையானது. அவன் பைட்டைப் பிட்டால் வகுத்துவிட்டான். குறுணியை நாழியால் வகுத்ததற்கு அது ஒப்பாகும். முதலில் அறுநூற்றை எட்டால் பெருக்கி 4,800 மெகாபிட் ஆக்கிக்கொண்டு, பின்னரே நாற்பதால் வகுக்க வேண்டும். விடை 120 நொடி, அதாவது இரண்டு நிமிடம்.

இப்பிழையால் விளையும் தீங்கு சிறிதன்று. மாணவன் ஒருவன் போட்டி ஒன்றுக்குக் காணொளி அனுப்ப விரும்புகிறான் எனக் கொள்வோம். காணொளியின் அளவு 60 மெகாபைட். மாலை ஐந்து மணியோடு காலக்கெடு முடிகிறது. அவன் வீட்டு இணைப்பில் தரவை மேலேற்றும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். முப்பது நொடி போதும் என்று எண்ணி, ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அவன் அனுப்பத் தொடங்கினால், காற்பங்கு செல்வதற்குள் காலக்கெடு கடந்துவிடும். 480 மெகாபிட் செல்வதற்கு வேண்டிய காலம் 240 நொடி, அதாவது நான்கு நிமிடம். பல நாள் உழைத்த உழைப்பு, எட்டு என்னும் ஓர் எண்ணை மறந்தமையால் வீணாகிறது. தரவை இறக்கும் வேகத்தினும் மேலேற்றும் வேகம் குறைவாக உள்ள இணைப்புகள் பல உண்டு. ஆதலின், எத்திசையில் செல்லும் வேகம் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

அளவை அறியாதவன் இருவகையில் கெடுகிறான். முறையாக 100 மெகாபிட் வழங்குபவரையும், ‘எட்டில் ஒரு பங்கே வருகிறது’ என்று பழிக்கிறான். இது குற்றமற்றவர்மேல் குற்றம் சுமத்துதல். மெய்யாகவே குறைத்து வழங்கப்படும்போதும், ‘இவ்வாறுதான் இருக்கும்’ என்று வாளாவிருக்கிறான். இது தன் உரிமையைத் தானே இழத்தல். அளக்கத் தெரிந்தவனுக்கு இவ்விரண்டும் நேரா.

இந்திய நாட்டில் இணையம் வளர்ந்த வரலாற்றையும் இக்கணக்கைக் கொண்டு அளந்து பார்க்கலாம். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கப்பட்டது. அப்போது தொலைபேசிக் கம்பி வழியே கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட், அதாவது 1.2 கிலோபைட். ‘கும்பகோணம்’ என்னும் சொல்லை அவ்வேகத்தில் ஒரு நொடிக்கு 40 முறை அனுப்பலாம். 2004இல் வெளியான அரசின் அகன்ற அலைவரிசைக் கொள்கை, குறைந்த அளவு வேகத்தை 256 கிலோபிட் என வரையறுத்தது. அது 32 கிலோபைட். 2013இல் அவ்வரையறை 512 கிலோபிட்டாக, அதாவது 64 கிலோபைட்டாக உயர்ந்தது. 2023இல் அது 2 மெகாபிட் ஆக்கப்பட்டது. அது 250 கிலோபைட். மேலே கண்ட 600 மெகாபைட் காணொளியை 2004ஆம் ஆண்டின் வரையறை வேகத்தில் இறக்க ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் வரையறை வேகத்தில் நாற்பது நிமிடம் போதும்.

எட்டால் பெருக்கவும் வகுக்கவும் கற்றபின் அறிய வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, ‘கிலோ’, ‘மெகா’ என்னும் அடைமொழிகளின் பொருள். மெட்ரிக் முறையில் கிலோ என்பது 1,000. ஆனால், கணினி இரண்டின் மடங்குகளால் எண்ணுவது. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் வருவது 1,024. இது ஆயிரத்திற்கு மிக அருகில் இருப்பதால், இதனையும் ‘கிலோ’ என்றே கணினியாளர் வழங்கி வந்தனர். ஆடவல்லான் மரக்காலுக்கும் அயலூர் மரக்காலுக்கும் இருந்த வேறுபாடு போன்றதே இது. இம்மயக்கம் தீர, பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் 1,024 பைட்டுக்குக் ‘கிபிபைட்’ என்றும், 1,024 கிபிபைட்டுக்கு ‘மெபிபைட்’ என்றும் புதுப்பெயர்கள் வகுத்தது. ஆயினும், பழைய வழக்கு முற்றும் ஒழியவில்லை. ஒரு டெராபைட் எனக் கூறி விற்கும் வட்டினைச் சில கணினிகள் 931 கிகாபைட் என்று காட்டுவது இதனாலேயே. விற்றவர் ஆயிரத்தால் அளந்தார். கணினி ஆயிரத்து இருபத்து நான்கால் அளந்தது. வட்டில் ஒரு பிட்டும் குறையவில்லை.

மற்றொன்று, தரவோடு கலந்து வரும் உமி. நெல்லைக் குத்தினால் அளந்த நெல் அவ்வளவும் அரிசியாவதில்லை. அதுபோலவே, கம்பியில் ஓடும் பிட்டுகள் யாவும் வேண்டிய தரவாக வருவதில்லை. தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, பிழை அறியும் குறிப்பு முதலியன எழுதப்படுகின்றன. வீடுகளில் வழங்கும் ஈதர்நெட் முறையில், இடைவெளி முதலியவற்றையும் சேர்த்து 1,538 பைட் இடம் கொள்ளும் ஒரு முழுப் பொட்டலத்தில் உண்மைத் தரவு ஏறத்தாழ 1,460 பைட்டே. ஆகவே, 100 மெகாபிட் கம்பியில் 12.5 மெகாபைட் என்னும் கணக்கு, நடைமுறையில் 12 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே அமையும். உமி கழிதல் குற்றமன்று. ஆனால் உமி எவ்வளவு என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டுக்கு அருகில் வருவது இயல்பு. ஆறு மட்டுமே வருமாயின், அதற்குக் காரணம் என்ன என்று ஆராய்தல் முறை. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதும், வீட்டிலுள்ள கம்பியில்லாக் கருவியின் தொலைவும் வேகத்தைக் குறைக்கக் கூடும்.

அளவையை எழுதும் முறையிலும் விழிப்பு வேண்டும். ஆங்கிலத்தில் சுருக்கி எழுதுகையில் பிட்டுக்கும் பைட்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. பிட் எனின் அவ்வெழுத்தைச் சிறிய வடிவிலும், பைட் எனின் பெரிய வடிவிலும் எழுதுவது மரபு. ஓர் எழுத்தின் உருவம் சிறுத்தலும் பெருத்தலும் எட்டு மடங்கு வேறுபாட்டைச் சுமந்து நிற்கின்றன. விளம்பரத் தாளைப் படிப்போர் எண்ணைக் கண்டு மகிழுமுன் அவ்வெழுத்தைக் காணுதல் நன்று.

ஆகவே, தரவின் வேகத்தைக் கேட்குங்கால் மாணவர் கேட்டறிய வேண்டிய வினாக்கள் மூன்று. இவ்வெண் பிட்டா, பைட்டா? இறங்கும் வேகமா, ஏறும் வேகமா? கிலோ என்பது ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா? இம்மூன்றுக்கும் விடை கண்டபின், உமிக்குச் சிறிது கழித்துக்கொண்டால் உண்மை விளங்கிவிடும்.

சோழர் காலத்தில் நெல் அளந்தவர், இத்தனை கலம் என்று சொல்லியதோடு நில்லாமல், எந்த மரக்காலால் அளந்தது என்பதையும் கல்லில் வெட்டுவித்தனர். அளவையின் பெயரை மறைத்துச் சொல்லும் எண் நம்பத்தக்கதன்று என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நெல் களத்தை விட்டுத் தரவு ஓடும் கம்பிக்கு வந்த பின்னும் அவ்வுண்மை மாறவில்லை. எண்ணை மட்டும் கேட்பவன் பாதி கேட்டவன். எண்ணோடு அளவையையும் கேட்பவனே முழுதும் கேட்டவன் ஆவான்.